சாக மறுக்கும் கலங்கள்

"புள்ள, ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகுது. சூடுதானே?"

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடி என் பெரியம்மா கேட்டபோது, "சூடாத்தான் இருக்கும்" என்று நானும் சொல்லிவிட்டேன். மடுல்கெல்லவில் எங்கள் லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். இரண்டு நாளில் நின்றுவிட்டது. வலியும் இல்லை. கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று விட்டுவிட்டோம்.

ஐந்து மாதம் கழித்து மீண்டும் இரத்தம் வந்தபோதுதான் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கான் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி.

"நம்ம ஒடம்புல உள்ளதுதானே, அது ஏன் சாகாம வளருது?" என்று பெரியம்மா கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், சகோதரிகளே.

கலத்துக்குள் ஒரு கொழுந்து மடுவம்

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் புரதங்கள் ஓயாமல் உருவாகின்றன. புரதம் நீண்ட நூல் போன்றது. சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். கொழுந்து மடுவத்தில் முற்றிய இலையைப் பொறுக்கி எறிவதுபோல, பிழையாக மடிந்த புரதங்களைக் கலம் பொறுக்கி எடுக்கிறது. நொதியங்கள் அவற்றின்மேல் 'யுபிகுயிட்டின்' என்ற சிறு அடையாளத்தை ஒட்டுகின்றன. அடையாளம் ஒட்டியதை 'புரோட்டியசோம்' என்ற பீப்பாய் போன்ற அமைப்பு துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கழிவு குவிந்துவிட்டால் கலத்துக்கு நெருக்கடி. முதலில் அது புதுப் புரதம் செய்வதைக் குறைத்துக்கொண்டு நிலைமையைச் சீர்செய்யப் பார்க்கும். முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். 'கஸ்பேஸ்' என்ற நொதியங்கள் உள்ளிருந்தே கலத்தை வெட்டிப் பிரிக்கும். கெட்டுப்போன கலம் இப்படிச் சாவது உடம்புக்கு நல்லது. புற்றுநோய்க் கலமோ இந்தச் சாவிலிருந்து தப்பிக்கப் பழகிக்கொள்கிறது.

சிறுநீரகத்தில் நடப்பது

சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையில், பெரும்பாலும் வி.எச்.எல். என்ற மரபணு பழுதாகியிருக்கும். இந்த மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. எச்.ஐ.எப். என்ற புரதத்தில் அழிவு அடையாளம் ஒட்டப்படுவது இதன் உதவியால்தான். இது பழுதானால் எச்.ஐ.எப். அழியாமல் குவியும். ஒட்சிசன் போதிய அளவு இருந்தும், மூச்சு முட்டுகிறது என்று கலம் நினைத்துப் புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும். கட்டி அதில் கொழுத்து வளரும். கலங்கள் ஒட்சிசனை உணரும் இந்த முறையைக் கண்டறிந்த கெய்லின், ரட்கிளிப், செமென்சா ஆகியோர் 2019இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். எச்.ஐ.எப். புரதத்தின் ஒரு வகையைத் தடுக்கும் பெல்சுட்டிபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில், பரம்பரை வி.எச்.எல். நோய்க்கு 2021இலும், முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2023இலும் அனுமதி கிடைத்தது.

இன்னொரு வழி, கழிவைக் குவியவிட்டுக் கலத்தைச் சாகவைப்பது. புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டெசோமிப் என்ற மருந்து, மயலோமா என்ற புற்றுநோய்க்கு 2003 முதல் பயன்படுகிறது. சிறுநீரகப் புற்றுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபோது வெகு சிலருக்கே கட்டி சுருங்கியது. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ரிட்டோனாவிர் போன்ற மருந்துகளை வேறு மருந்துகளோடு சேர்த்து, சிறுநீரகப் புற்றுக் கலங்களை இந்த நெருக்கடியில் தள்ளிக் கொல்ல முடிகிறதா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆய்வுகூடத்துத் தட்டில் கலங்கள் செத்தன. ஆனால் தட்டில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் நடந்துவிடாது. ஆகவே 'புற்றைக் கொல்லும்' என்று யார் எதை விற்றாலும் ஏமாறாதீர்கள்.

நம் கையில் இருப்பது

கட்டி சிறுநீரகத்தைத் தாண்டாதபோது அறுவைச் சிகிச்சையே சிறந்த வழி. மற்றச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் அந்த ஒன்றே போதும். அதற்கு நேரத்தோடு போக வேண்டும்.

சிறுநீரில் இரத்தம் வந்தால் எல்லாம் புற்றுநோய் அல்ல. கிருமித் தொற்றும் கல்லும்கூடக் காரணமாகலாம். ஆனால் வலியில்லாமல் ஒரே ஒரு தடவை வந்தாலும், தானாக நின்றுபோனாலும், வைத்தியரிடம் காட்டுங்கள். மாதவிடாய் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகைத்தல், அதிக உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் மூன்றும் இந்த நோய்க்கு வழிவிடுபவை. கிளினிக்கில் பிரஷர் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியம்மாவின் கட்டி பரவுவதற்குள் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. இப்போது லயத்தில் யாராவது "சூடு" என்று சொன்னால், அவர்தான் முதலில் குரல் கொடுக்கிறார்:

"ஒரு நாள் பேர் போனாப் போகட்டும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ, புள்ள!"