ஃபார்மட் அடிக்கும் முன்

மதுரை வீடுகளிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஊர்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பல, அரசு கொடுத்த மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசின் எல்காட் நிறுவனத்தின் மூலம் மாணவர்கள் கைக்குப் போனவை 50 லட்சத்துக்கும் மேல். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்ற இரண்டு ஓஎஸ்களும் உள்ளே இருந்தன. பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய பிள்ளை வேலைக்குப் போனதும் அந்த மடிக்கணினி அப்பாவின் கடைக் கணக்குக்கும், தம்பியின் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கும், அம்மா பார்க்கும் வீடியோவுக்கும் கைமாறுகிறது. ஆளுக்கு ஒன்றை ஏற்றி வைக்கிறார்கள். எதையும் யாரும் எடுப்பதில்லை. கடைசியில் ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சு வேற ஓஎஸ் போட்டுருவோம்ணே." கடைக்காரருக்கு அது சுலபம். கணினியும் வேகமாகிவிடும், சில மாதங்களுக்கு. ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த சான்றிதழ்களும், சி டிரைவில் கிடந்த குடும்பப் படங்களும் அதோடு போய்விடலாம். உரிமத்தோடு வந்த விண்டோஸ் இருந்த இடத்தில் உரிமமில்லாத ஒன்று வந்து உட்காரலாம். பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. வேண்டாததைக் களைவதற்கான கருவிகள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றுக்குக் காசு கிடையாது. கண்டதையும் ஏற்றியதால் வந்த கோளாறுக்கு இன்னொன்றை ஏற்றுவது மருந்தாகாது.

கை வைக்கும் முன் முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ நகலெடுத்துவிட வேண்டும். ஆவணங்கள், படங்கள் என்ற இரண்டு ஃபோல்டர்களோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கணக்கு நிரலான டேலி தன் கணக்குகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கும். கடை வைத்திருப்பவர்கள் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, எங்கே அடைப்பு என்று பார்க்க வேண்டும். யூடியூப் மட்டும் திணறினால் குறை இணைய இணைப்பில். ஒரு வேர்டு கோப்பைத் திறக்கவே நேரமானால் குறை கணினியில். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் அங்கே சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாகச் சதவீதங்கள் தெரியும். பழைய மடிக்கணினிகளில் வழக்கமாக டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். காரணம் இதுதான்: ராம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் அதில் இருப்பதில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்கில் இறக்கிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. மடிக்கணினி ஹார்டு டிஸ்கோ பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு. அதன் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் நகர்ந்து படிக்க வேண்டும். பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் தட்டின் பத்து மூலைகளிலிருந்து கேட்டால் முள் அலைந்தே நேரம் போய்விடும். ஆகவே ராமில் ஏறுவதைக் குறைத்தால் டிஸ்கின் பாரமும் தானே குறையும்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்றொரு பகுதி இருக்கிறது. கணினி கண் விழிக்கும்போதே கூட எழுந்து உட்காரும் நிரல்களின் பட்டியல் அது. (விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் இதே பட்டியல் கிடைக்கும்.) கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக ஏற்றிய நிரல், எப்போதோ படம் இறக்கிய டோரன்ட், விற்றுவிட்ட பிரின்டரின் நிரல் என்று பலதும் அங்கே வரிசையில் நிற்கும். வேண்டாததன் மேல் வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுத்தால் போதும். நிரல் அழியாது, தானாக எழுவது மட்டும் நிற்கும். ஒலி, டச்பேட், ஆன்டிவைரஸ் ஆகியவற்றின் பெயர் தெரிந்தால் அவற்றை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே கணினி எழுந்து நிற்கும் நேரம் கணிசமாகக் குறைவதைப் பார்க்கலாம். நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் பலன் உண்டு.

தமிழ் எழுதுகிறவர்களின் கணினியில் இந்தப் பட்டியலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அழகி, என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்று இரண்டு மூன்று தட்டச்சு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, ஒரு விசை அழுத்தத்துக்கு ஆளுக்கொரு எழுத்தைப் போடப் பார்க்கும். எல்லாமே நல்ல நிரல்கள்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். 2019-க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் ஒலிப்பு முறைத் தமிழ்த் தட்டச்சு உள்ளேயே இருப்பதால், பலருக்கு அந்த ஒன்றுகூடத் தேவைப்படாது.

திருமண அழைப்பிதழ், நோட்டீஸ் அடிக்கும் டிடிபி வேலையை வீட்டில் வைத்துச் செய்கிறவர்களுக்கு எழுத்துருக்களும் ஒரு சுமை. யுனிகோடுக்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் குறியீட்டில் எழுத்துருக்களை வெளியிட்டது. தமிழக அரசு 2010 ஜூனில் யுனிகோடை ஏற்ற பிறகும் பழைய கோப்புகளுக்காக அவை எல்லாம் கணினியிலேயே தங்கிவிட்டன. யாரோ கொடுத்த சிடியிலிருந்து நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை மொத்தமாகக் கொட்டிவைத்த கணினிகள் உண்டு. வேர்டு, பேஜ்மேக்கர், போட்டோஷாப் போன்றவை திறக்கும்போது எழுத்துருப் பட்டியல் முழுவதையும் புரட்டிப் பார்ப்பதால், அவை திறக்கவே தாமதமாகும். வாடிக்கையாகப் பயன்படும் சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வேறொரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸோடு வந்த எழுத்துருக்களில் கை வைக்கக் கூடாது.

நிரல்களை நீக்குவதற்கு விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ் என்ற வழி. விண்டோஸ் 7-இல் கன்ட்ரோல் பேனல். பட்டியலை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் எது இடத்தை அடைக்கிறது என்பது தெரிந்துவிடும். முதலில் வெளியேற வேண்டியது கெடு முடிந்த ஆன்டிவைரஸ். பணம் கட்டாததால் பாதுகாப்பும் தராமல், நினைவூட்டலை மட்டும் நாள்தோறும் தந்துகொண்டிருக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கணினியில் இருந்தால் இன்னும் மோசம். திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் தனித்தனியே சோதிக்கும். விண்டோஸ் 10-இல் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும். அடுத்து வெளியேற வேண்டியவை 'கிராக்' நிரல்கள். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் நம்ப முடியாது. கணினியின் வேகத்தைத் தின்றுகொண்டு மற்றவர்களுக்காக உள்ளே உழைக்கும் நிரல்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன.

பிரவுசரில் ஒரு குறிப்பிட்ட தொல்லையைப் பலரும் வைரஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரையின் வலது கீழ் மூலையில், கணினி பாதிக்கப்பட்டுவிட்டதாகவும் உடனே சொடுக்க வேண்டும் என்றும் சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி வந்து வந்து போகும். படம் இறக்கவோ தேர்வு முடிவு பார்க்கவோ போன ஏதோ ஒரு தளம் 'அலோ' கேட்டபோது, என்னவென்று பார்க்காமல் சொடுக்கியதன் விளைவு அது. கணினியில் எதுவும் புகுந்திருக்காது. அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். குரோமில் செட்டிங்ஸுக்குள் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அங்கே இருக்கும் முன்பின் தெரியாத தளங்களை நீக்கிவிட்டால் பெட்டி வருவது அன்றோடு நிற்கும். பயன்படாத எக்ஸ்டென்ஷன்களையும் அப்போதே எடுத்துவிடலாம்.

இடம் காலி செய்வதில் பெரிய பங்கு டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு. ஒரே ஆதார் பிடிஎஃப், அடைப்புக்குள் 1, 2, 3 என்று எண் போட்டு வரிசையாக நிற்கும். ஹால் டிக்கெட், மின் கட்டண ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள் எல்லாம் அங்கேதான். ஆனால் இவை சின்னக் கோப்புகள். எண்ணிக்கை அதிகம், இடம் குறைவு. மெய்யாக இடத்தை அடைப்பவை நான்கு வருடம் முன்பு எடுத்த கல்யாண வீடியோவும் மறந்துபோன சினிமாக்களும்தான். வின்டிர்ஸ்டாட் (WinDirStat) என்ற இலவச நிரல் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை வண்ணக் கட்டங்களாகக் காட்டும். வெளியிலிருந்து ஒன்றே ஒன்றை ஏற்றலாம் என்றால் இதை ஏற்றலாம். விண்டோஸின் தற்காலிகக் குப்பைக்கு டிஸ்க் கிளீனப் போதும். அதில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதை அழுத்தினால், பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சம் பல ஜிபி அளவில் கிடப்பது தெரியலாம். ஒரு எச்சரிக்கை: சில விண்டோஸ் 10 பதிப்புகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் இருக்கும். டிக் போடும் முன் பெயரைப் படிக்க வேண்டும்.

சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்தால், சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் உதவும். விண்டோஸ் அதைத் தானாகவே வாரம் ஒருமுறை செய்துகொள்கிறது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு அது தேவையில்லை. கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டியைவிடப் பலன் தரும் பொருள் வேறில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று: விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணைவதில்லை, அடுத்த முறை விரைவாக எழுவதற்காக ஒரு பகுதியைச் சேமித்துவைக்கிறது. முழுவதும் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் வழி. வாரம் ஒருமுறை அதைச் செய்தால் சின்னச் சின்னக் கோளாறுகள் தாமே அடங்கிவிடும்.

ஒரே சொடுக்கில் வேகம் என்று விளம்பரம் செய்யும் நிரல்கள் பக்கம் போகவே வேண்டாம். அந்த வகையில் உலகப் புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் 2017-இல் திருடர்கள் தங்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிய இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்பவை இன்னும் ஆபத்து. அங்கே சில நூறு வரிகளை நீக்குவதால் கண்ணுக்குத் தெரியும் வேகம் கிடைப்பதில்லை, தவறான ஒரு வரி போனால் விண்டோஸே எழாமல் போகலாம்.

மதுரையின் வெயிலும் புழுதியும் தனிக் காரணங்கள். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, கணினிக்குள் இழுக்கப்படும் காற்றே சூடாகத்தான் இருக்கும். பிராசஸர் ஒரு வரம்புக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி மத்தியானத்தில் திணறுகிற கணினிக்கு மென்பொருள் வைத்தியம் பலிக்காது. செல்லூர்ப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் துகளும் சேர்ந்து, ஃபேனுக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவில் திரைபோலப் படிந்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்து, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஃபேன் சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷாலும் ஊதியாலும் தூசியை வெளியேற்றலாம். ஃபேனைச் சுழலவிட்டு ஊதினால் அதன் பேரிங் கெட்டுவிடலாம். மெத்தை மேல் வைத்து இயக்கினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். ஒரு பலகையோ கெட்டி அட்டையோ போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் 2 ஜிபி ராம் மடிக்கணினி திணறினால் குறை குப்பையில் இல்லை, விண்டோஸின் எடையில். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கானவை 2025 அக்டோபர் 14-இலும் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். திட்டத்தின் தொடக்க ஆண்டு மடிக்கணினிகள் அதற்குத் தகுதி பெறாது. இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், இந்த மடிக்கணினிகளோடு வந்ததுதான். பலரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகியவை இன்னும் பழகுவதற்கு எளிது. பென் டிரைவில் போட்டு, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒலி, வைஃபை, தமிழ்த் தட்டச்சு எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம். லினக்ஸுக்கான வழிகாட்டிகளைத் தமிழிலேயே வெளியிடும் கணியம் இதழ் 2012 முதல் இயங்குகிறது.

டேலியிலும் பேஜ்மேக்கரிலும் பிழைப்பு நடத்துகிறவர்கள் விண்டோஸை விட முடியாது. லினக்ஸில் அவை நேரடியாக ஓடாது. அவர்களில் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால், நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை இலவசமாகப் பெறலாம். விண்ணப்பம் போட, பாடம் படிக்க, படம் பார்க்க, மின் கட்டணம் கட்ட மட்டும் கணினி வைத்திருக்கும் வீட்டுக்கு லினக்ஸே போதும்.