நரிக்கு ஏது கொம்பு? வாங்கிக் கல்லாவில் வைத்தால் கம்பி எண்ணணும்!

“என்னப்பா, இன்னிக்கு நரி முகத்துல முழிச்சியா?”

சீட்டு விழுந்தவனையும் ஓடுகிற பஸ்சில் உட்கார இடம் கிடைத்தவனையும் இப்படித்தான் கேட்கிறோம். நரி என்றால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. அதையே முதலாகப் போட்டுக் காசு பார்க்கிறது ஒரு கும்பல்.

சரக்கின் பெயர், நரிக்கொம்பு!

கடை திறக்கிற நேரமாகப் பார்த்து வருவார்கள். “அண்ணாச்சி, கல்லாப்பெட்டியில வெச்சுப் பாருங்க. வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போவும்” என்று பேச்சு ஆரம்பமாகும். மடியிலிருந்து பொட்டலம் வெளியே வரும். உள்ளே ரோமம் மூடிய சின்னக் கொம்பு. “கூட்டத்துத் தலைவன் நரிக்கு மட்டும்தான் இது முளைக்கும்” என்பார்கள்.

சுத்தப் புளுகு!

நரி, நாய்க் குடும்பத்துப் பிராணி. நாய்க்குக் கொம்பு உண்டா? எலும்பையோ வேறு பிராணியின் கொம்பையோ சீவி, மேலே ரோமத் தோலை ஒட்டினால் நரிக்கொம்பு ரெடி. தலைவன் கதையும் பொய். நரிகள் ஆணும் பெண்ணும் ஜோடியாகக் குடும்பம் நடத்துபவை.

இரண்டு ரகம்

தமிழ்நாட்டில் நாம் நரி என்று சொல்வதில் இரண்டு ரகம் உண்டு.

ராத்திரியில் ஊளையிடுகிறதே, அது பெரிய நரி. எடை சுமார் 10 கிலோ. எலி, செத்த பிராணி, பழம், கரும்பு எதையும் விடாது. சென்னைக்காரர்கள் தூரம் போக வேண்டாம். கிண்டி தேசியப் பூங்காவிலேயே இது உண்டு.

இன்னொன்றைப் பல ஊர்களில் குள்ளநரி என்பார்கள். எடை 2 முதல் 4 கிலோதான். புசுபுசு வால், அதன் நுனி மட்டும் கறுப்பு. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அடர்ந்த காடு இதற்கு ஆகாது. வறண்ட பொட்டலும் முட்புதரும்தான் பிடிக்கும். பல வாசல் வைத்து வளை தோண்டும். ஒரு வாசலில் ஆபத்து என்றால் மறு வாசலில் ஓட்டம்! எலி, வெட்டுக்கிளி, கரையான், ஓணான், நண்டு, இலந்தைப்பழம் இதன் சாப்பாடு. எலியைத் தின்பதால் விவசாயிக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன்.

இதன் பொட்டல் காடெல்லாம் இன்று பிளாட் ஆகிறது. வளை இருந்த இடத்தில் எல்லைக்கல். போதாததற்கு இல்லாத கொம்புக்காகவும் நரியைக் கொல்கிறார்கள்.

7 வருஷம் வரை ஜெயில்

நரி, குள்ளநரி இரண்டுக்கும் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, புலி, யானை இருக்கும் முதல் அட்டவணையிலேயே இவற்றையும் சேர்த்துவிட்டார்கள். கொன்றாலோ, உடல் பாகத்தை விற்றாலோ 3 முதல் 7 வருஷம் ஜெயில். அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய்.

வாங்கி வைத்திருப்பவருக்கும் சிக்கல்தான். பொட்டலத்தில் இருப்பது நிஜ நரியின் எலும்பு என்றால் வனத்துறை கேஸ். போலி என்றால் கொடுத்த காசு கோவிந்தா. எப்படிப் பார்த்தாலும் கல்லாவுக்கு நஷ்டம்!

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்பது பழமொழி. மேலே விழுந்து பிடுங்குவது நரி அல்ல. பொட்டலத்தோடு வருகிற ஆசாமிதான்.

உஷார்!