பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறியும் மின்வேதி உணரிகள்

பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறியும் மின்வேதி உணரிகள் என்பவை, குருதி, மலம் ஆகியவற்றில் உள்ள நோய்க் குறிப்பான்களை மின்னோட்ட மாற்றமாகக் காட்டும் சிறு கருவிகள் ஆகும். இவை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் ஒரு மின்வேதி உணரியே.

வேறுபாடு அளவில் உள்ளது. ஒரு மில்லிலிட்டர் குருதியில் குளுக்கோசு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருக்கும். இந்நோயின் பழைய குறிப்பானாகிய சிஇஏ என்னும் புரதமோ 5 நானோகிராமைத் தாண்டினாலே மிகை எனக் கருதப்படும். இது குளுக்கோசின் அளவில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. இப்புரதத்தைக் கனடாவின் மான்ட்ரியாலில் பில் கோல்டு, சாமுவேல் ஃபிரீட்மன் ஆகியோர் கண்டறிந்து 1965 இல் வெளியிட்டனர்.

இயங்கும் முறை

தங்கம் அல்லது கார்பன் மின்முனையின் மீது, சிஇஏவுடன் மட்டும் பிணையும் எதிர்ப்பொருளைப் பதிக்கிறார்கள். சுற்றியுள்ள கரைசலில் ஃபெர்ரிசயனைடு அயனிகள் இருக்கும். அவை மின்முனையிலிருந்து எலக்ட்ரானைப் பெறும்போது மின்னோட்டம் உண்டாகிறது. சிஇஏ வந்து ஒட்டினால் அயனிகளின் வழி அடைபடும், மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து புரதத்தின் செறிவைக் கணக்கிடலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தகட்டில் செம்பு முலாம் சரியாகப் படியாததை ஆய்வகத்தில் பார்த்த மாணவருக்கு இது எளிதில் விளங்கும். தங்க நானோ துகள்களையோ கிராபீனையோ சேர்த்தால் மின்முனையின் பரப்பு பெருகி, நுட்பமும் கூடுகிறது.

ஆனால் குருதியிலுள்ள அல்புமின் போன்ற பிற புரதங்களும் மின்முனையில் ஒட்டிக்கொள்ளும். தூய கரைசலில் நன்றாக வேலை செய்த உணரி குருதியில் தடுமாறுவது இதனால்தான்.

குறிப்பானின் குறை

கருவியைவிடப் பெரிய சிக்கல் குறிப்பானில் இருக்கிறது. தொடக்கநிலை நோயாளிகள் பலருக்குச் சிஇஏ உயர்வதே இல்லை. புகை பிடிப்போருக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் புற்றுநோய் இல்லாமலே உயரலாம். அதனால் மருத்துவர்கள் இதை அறுவைக்குப் பின் நோய் திரும்புகிறதா எனக் கண்காணிக்கவே பெரிதும் பயன்படுத்துகின்றனர். இல்லாத பொருளை எவ்வளவு நுட்பமான உணரியாலும் அளக்க முடியாது அல்லவா?

ஆகவே ஆய்வாளர்கள் மைக்ரோஆர்என்ஏ-21, மெத்தில் ஏற்றம் பெற்ற செப்டின்-9 டிஎன்ஏ முதலியவற்றின் பக்கம் திரும்பியுள்ளனர். பல குறிப்பான்களை ஒரே சில்லில் அளக்கவும் முயல்கின்றனர்.

குடற்சுவரில் தோன்றும் சிறு கட்டி புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபி மூலம் அதை அகற்றிவிட்டால் அந்தக் கட்டி புற்றாக மாறாது. உணரி நோய் இருக்கலாம் எனக் காட்டினாலும் கொலோனோஸ்கோபி செய்தே உறுதிப்படுத்த வேண்டும். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பக்கூடியதாக, மலத்தில் மறைந்துள்ள குருதியைக் கண்டறியும் சோதனை இப்போதே பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது.