கானா காயா... சாப்பிட்டியா, பாடினியா?

போன லீவுல எங்க ஊர் களமருதூர் டீக்கடையில நடந்த காமெடி இது. ஹாலோ பிளாக் பட்டறையில வேலை பார்க்கிற பீகார் அண்ணன்கிட்ட, இந்திப் புலமையைக் காட்டலாம்னு 'கானா காயா?'ன்னு கேட்டேன். மனுஷன் திருதிருன்னு முழிச்சார். 'சாப்டியா'ன்னு நான் கேட்டது, அவர் காதுல 'பாட்டு பாடினியா'ன்னு விழுந்திருக்கு! இந்தியில அந்த ரெண்டு 'கா'வும் வேற வேற. தமிழ்ல எழுதினா ஒண்ணேதான்.

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. வானம் இருட்டினதும், 'தம்பி, மலை வருது'ன்னார். கல்வராயன் மலையே கிளம்பி வருதான்னு கடையே சிரிச்சது. கைக்குழந்தையா இங்கே வந்த அவர் பொண்ணு இப்ப ஒண்ணாங்கிளாஸ். 'அது மழைப்பா'ன்னு திருத்துச்சு பாருங்க, அப்படியொரு ழகரம்! ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவதான் துபாஷி. 'என் நெஞ்சு வலியை டாக்டர்கிட்ட சொல்லக்கூட இவ வேணும்'னு அண்ணன் சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

என்னதான் ரகசியம்? ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ரெண்டு பேரும் கனடாவில் செய்து 1984-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், 6-8 மாதத்தில் இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் பிரிச்சு அறிஞ்சாங்க. ஒரு வயசை நெருங்கும்போது அந்தத் திறமை மங்கிடுச்சு. வீட்டுல புழங்காத ஒலியை மூளை கண்டுக்கிறதில்லை. அதுக்காக டி.வி. முன்னாடி உட்கார வெச்சா போதும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் பேட்ரீஷியா கூல் குழு 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கினாங்க. நேரில் ஆள் பேசிக் கேட்ட குழந்தைகள் ஒலிகளைப் பிடிச்சுக்கிட்டாங்க; அதையே டி.வி.யில் பார்த்தவங்களுக்கு ஒண்ணும் ஏறலை. இது 2003-ல் வந்த ஆய்வு.

அப்போ நம்ம கதை அவ்ளோதானா? இல்லை பாஸ். நெதர்லாந்துக்குப் போன, ஆங்கிலம் பேசுறவங்க டச்சு கத்துக்கிட்டதைப் பத்தின ஆய்வு 1978-ல் வெளிவந்துச்சு. முதல் சில மாதங்களில் டீன் ஏஜ் பசங்களும் பெரியவங்களும்தான் முந்தினாங்க. 3-5 வயசுக் குட்டீஸ் கடைசி! இலக்கணத்தை யோசிச்சுப் பிடிக்க நமக்குத் தெரியும். உச்சரிப்புலதான் உதை. ஜி.யு.போப் 1839-ல் சென்னையில் இறங்கியப்போ வயசு 19, நம்ம செட்டு! 1886-ல் திருக்குறளையே ஆங்கிலத்தில் கொடுத்தார்.

இப்ப எனக்கும் அண்ணனுக்கும் ஒரு டீல். சாயங்காலம் அரை மணி நேரம் நான் 'கானா', அவர் 'மழை'. ஆஸ்பத்திரியில சொல்ல வேண்டிய வார்த்தைகளை முதல்ல எழுதி வெச்சிருக்கோம். தேர்வாளர், ஒண்ணாங்கிளாஸ் மேடம். நேத்து ரெண்டு பேருமே ஃபெயில்.