பச்சை மண்ணும் பட்டியலும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், பெரியவர் ஒருவர் நம் பங்கு இல்லத்துத் திண்ணையோரம் தயங்கி நின்றார். கரும்பு வெட்டியும் நெல் அறுத்தும் பிழைப்பவர். தலைமகளை விருத்தாசலம் நகரில் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் இளைஞருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"சம்பந்தி வீட்டில் கொடுத்தனுப்பிய சீட்டு, சாமி. தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே. பிள்ளை வருமுன் இவையெல்லாம் வாங்கி வைக்க வேண்டுமாம். கையில் காசில்லை. கறவைப் பசு ஒன்று இருக்கிறது. கன்றோடு கேட்டு ஓர் ஆள் வந்து போனார். கொடுத்துவிடட்டுமா என்று தங்களைக் கேட்க வந்தேன்."

காகிதத்தை விளக்கடியில் பிடித்துப் படித்தோம். மரத்தொட்டில், மெத்தை, தலையணை, உடுப்பு ஒரு டஜன், பாற்புட்டி மூன்று, புட்டியைச் சுத்தம் செய்யும் மின்கருவி, பால்மாவு டப்பா இரண்டு, பவுடரும் எண்ணெயும் சோப்பும் அடங்கிய பரிசுப்பெட்டி, சக்கரம் வைத்த நடைவண்டி, இறுதியில் வெள்ளிக் கொலுசு. பிள்ளையைப் பெறப்போகிற பெண்ணுக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை.

பசுவை விற்றுப் பால்மாவு வாங்குவதா என்று நம்மையறியாமல் கேட்டுவிட்டோம். பெரியவர் தலை கவிழ்ந்தார். அவரை அனுப்பிவிட்டு அன்றிரவு நெடுநேரம் இதையே எண்ணிக்கொண்டிருந்தோம். இது ஒரு வீட்டுத் துயரம் மட்டுமன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் நடப்பது.

மறுநாள் அவர் இல்லம் சென்றபோது வேறொரு கட்சியும் அங்கே இருப்பது தெரிந்தது. பெரியவரின் தாயார், எண்பதைக் கடந்த மூதாட்டி, "பிள்ளை மண்ணில் விழுமுன் ஒரு முழத் துணிகூட வாங்கக் கூடாது; கண்பட்டுப் போகும்" என்று பிடிவாதமாக இருந்தார். படித்த இளைஞர்கள் இப்பேச்சைக் கேட்டு நகைப்பதுண்டு. நாம் நகைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதலாண்டு நிறைவைக் காணவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 13 ஆகக் குறைந்திருந்தது. அந்த மூதாட்டி பிள்ளை பெற்ற காலத்தில், வாங்கி வைத்த தொட்டில் வெறுந்தொட்டிலாய்த் தொங்கிய வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. கண்ணேறு என்று அவர் சொல்வதற்குள் மறைந்திருப்பது துக்கம். ஆயினும் ஒன்றுமே ஆயத்தமில்லாத வீட்டில் பிள்ளை பிறந்து, அவசரத்தில் கைக்கு எட்டிய அழுக்குத் துணியில் அதைச் சுற்றி எடுத்தால் விளைவது என்ன? ஆகவே அவரிடம், "பாட்டி, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், இருக்கிற பழந்துணியைத் துவைத்து வைப்பதில் குற்றமுண்டா?" என்று கேட்டோம். "அதற்கென்ன, தாராளமாய்ச் செய்யலாம்" என்றார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது.

பிறந்த குழந்தையைப் பச்சை மண் என்று சொல்லுவது நம் வழக்கம். விருத்தாசலத்தாருக்கு இச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மையைச் சூளையில் இடுமுன் நிழலில் மெல்ல மெல்ல உலர்த்த வேண்டும். வெயிலும் காற்றும் ஒரு பக்கமாய்ப் பட்டால் விரிசல் காணும். அழுத்திப் பிடித்தால் விரல் பதியும். அந்தப் பக்குவத்தில் அதற்கு வண்ணம் பூசுவாரில்லை. பெரியவரின் மருமகனிடம் நாம் பேசத் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான். "தம்பி, சுடாத மண்ணுக்கு என்ன தேவையென்று உமக்குத் தெரியும். பிறந்த பிள்ளைக்கும் வேண்டுவது அதுவே: இதமான சூடு, சுத்தம், மெல்லிய கை."

சூடும் சுத்தமும் துணியில் அடங்கியவை. பச்சைக்குழந்தை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை நனைக்கும். எனவே எண்ணிக்கையில் மிகுதியாக வேண்டுவது துண்டுத்துணியே. பழைய வேட்டியும் நூற்சேலையும் பலமுறை துவைத்துக் கஞ்சிப்பசையும் சாயமும் போனவை; ஆதலால் புதுத் துணியைவிட அவையே குழந்தையின் தோலுக்கு ஏற்றவை. கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தமான பையில் கட்டி வைத்தால் போதும். கைவைத்த பருத்திச் சட்டை நான்கைந்து, தலைக்கு இரண்டு குல்லாய், துடைக்க இரண்டு பெரிய துண்டு. முதல் மாதங்களில் குழந்தை வாரந்தோறும் வளர்வதால் டஜன் கணக்கில் வாங்கிய உடுப்பு பெட்டியிலேயே சிறுத்துவிடும். பெத்லகேமில் மரியன்னைக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை, தொட்டிலும் கிடைக்கவில்லை. பிள்ளையைப் பொதியத் துணி மட்டும் இருந்தது. நாசரேத்திலிருந்து புறப்படும்போதே அதை எடுத்து வைத்திருப்பார் போலும். இது நம் ஊகம். ஆனால் பெண்கள் இதை உடனே ஒப்புக்கொள்கிறார்கள்.

பிறந்த சிசுவின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். அதனால்தான் முதல் குளிப்பாட்டலை ஒரு நாளேனும் தள்ளிப் போடும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சூட்டைக் காக்க மிகச் சிறந்த கருவி கடையில் விற்பதன்று. 1978-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளுக்கான சூட்டுப்பெட்டிகள் போதாமல் தவித்த மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அதைக் கங்காரு பராமரிப்பு என்ற பெயரால் உலகெங்கும் கையாளுகிறார்கள். வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய நம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை தமிழ்ப்பெண்ணாய்ச் சேலையுடுத்திப் பிள்ளையைக் கையிலேந்தி நிற்கும் கோலத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையாய்த் தோன்றாது.

இனிப் பாற்புட்டியைப் பற்றி. இங்கு நாம் நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில், ஏழைப் பெண் ஒருத்தியின் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தோம். குழந்தை மெலிவாக இருந்தது. மனமிரங்கி, நம் கையாலேயே ஒரு பாற்புட்டியும் பால்மாவு டப்பாவும் வாங்கிக் கொடுத்தோம். டப்பா தீரத் தீர அப்பெண் மாவைக் குறைத்து நீரைக் கூட்டினாள். புட்டியைக் கொதிக்கவைக்க விறகில்லை. புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பை மறுத்தது. சுவைப்பார் இல்லாததால் தாய்க்குப் பாலும் வற்றிப்போயிற்று. இரண்டு மாதத்தில் ஓயாத வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் பல நாள் கிடந்து அக்குழந்தை பிழைத்தது இறைவனின் இரக்கம். தாலிக்கொடியை அடகு வைத்து வைத்தியம் பார்த்த அந்தத் தாய், நாம் செய்த உதவிக்கு நன்றி சொல்லிக் கைகூப்பினாளே, அதை இன்றளவும் மறக்க இயலவில்லை.

பின்னர்தான் சட்டத்தைப் படித்தோம். தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றை விற்கும் முறைகளைக் கட்டுப்படுத்த 1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு நெறித்தொகுப்பை ஏற்றது. அதையொட்டி இந்தியா 1992-இல் தனிச் சட்டமே இயற்றி, 2003-இல் அதை மேலும் இறுக்கியது. பால்மாவையும் பாற்புட்டியையும் விளம்பரம் செய்யலாகாது. அனாதை இல்லங்களுக்கு அன்றி வேறெவருக்கும் அவற்றை இலவசமாய் வழங்கலாகாது என்பது அச்சட்டத்தின் விதி. நாம் அன்பளிப்பு என்று எண்ணிக் கொடுத்தது சட்டம் விலக்கிய பொருள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்டத் தொடங்கி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றையே கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரால் சேனை தொடுவதும் வேண்டாம். தாய்க்கு நோயோ, வேறு தடையோ நேர்ந்து மருத்துவரே மாற்றுப்பால் கொடுக்கச் சொன்னால், அவர் சொற்படி கொடுப்பதில் எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை. அப்போதும் புட்டியைவிட நம் பாட்டிமார் கையாண்ட சங்கும் பாலாடையும் மேல். கை நுழையாத கழுத்தும் அழுக்குத் தங்கும் ரப்பரும் அவற்றுக்கில்லை. பச்சிளங்குழந்தைகளின் சிகிச்சைப் பிரிவுகளிலேயே இன்று பாலாடை பயன்படுகிறது.

எதை வாங்குவது என்பதை அரசுகளும் எண்ணிப் பார்த்திருக்கின்றன. பின்லாந்து நாட்டில் பிள்ளைச்சாவு மிகுந்திருந்த காலத்தில், 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கு அட்டைப்பெட்டி ஒன்றில் துணிமணிகளை வைத்து அரசு வழங்கிற்று. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அது கிடைத்தது. ஒரு நிபந்தனை: கருவுற்ற நான்கு மாதத்துக்குள் மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ தம்மைக் காட்டியிருக்க வேண்டும். பொருள்களை எடுத்துவிட்டு அடியில் மெத்தையிட்டால் அப்பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. தாய்ப்பாலை ஊக்குவிக்கும் பொருட்டுப் பாற்புட்டியைப் பிற்காலத்தில் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெறும் தாய்மாருக்கென்று குழந்தை நலப் பரிசுப் பெட்டகத் திட்டம் தொடங்கியபோது, ஆயிரம் ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள் இருந்தன: துண்டு, உடுப்பு, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய் கை கழுவும் திரவம், அவள் உண்ணச் சுண்டி லேகியம் என்று நீண்ட அந்த வரிசையிலும் பாற்புட்டி இல்லை. சம்பந்தி வீட்டுச் சீட்டை இதனருகில் வைத்துப் பார்க்கும்படி மருமகனிடம் கூறினோம். பெட்டகத்தில் தாய்க்கும் பங்கிருப்பதை அவரே சுட்டிக் காட்டினார்.

மற்றவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். முதல் மாதங்களில் ஏணை கட்டப் பழஞ்சேலை போதும். உத்திரத்தின் கொக்கியையும் கயிற்றையும் இழுத்துப் பார்த்துக் கட்ட வேண்டும். நெடுநேரம் உறங்கும்போது சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவதே நல்லது. தலையணை வேண்டாம். அமெரிக்காவில் 1994 முதல் இப்படி மல்லாத்திக் கிடத்தும்படி பிரசாரம் செய்த பின், உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. கொசுவலை கட்டாயம் வேண்டும். சக்கர நடைவண்டியைக் கனடா நாடு 2004-இல் தடையே செய்துவிட்டது. நிற்கத் தெரியாத பிள்ளையைப் படியோரம் உருட்டிச் செல்லும் பொருள் அது. பிள்ளை தானே நின்று பின்னிருந்து தள்ளும் நம் தச்சர் செய்யும் மர நடைவண்டி வேறு; அதற்கும் ஓராண்டு பொறுக்கலாம். கொலுசுக்கு அவசரமே இல்லை.

பவுடரைப் பற்றிப் பேச்செடுத்ததும் மருமகன் சிரித்தார். பல பவுடர்களில் சேரும் டால்க் என்பது, மின்சாரக் காப்புப் பொருள் செய்யப் பீங்கான் கலவையில் சேர்க்கும் அதே மாக்கல் தூள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் அந்தத் தூள் பறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவர், வீட்டில் பிள்ளையின் முகத்தருகே அதைக் கொட்டலாமா?

இதிலிருந்து இன்னொன்றும் தெரிய வந்தது. களிமண்ணோடு படிகக்கல் தூளும் கலந்த மாவு அவருடைய சட்டையிலும் தலையிலும் படிந்தே மாலையில் வீடு வந்து சேர்கிறது. அத்தூள் நாட்பட்டால் வளர்ந்தவர் நுரையீரலையே கெடுக்கும். ஆகவே பட்டறையிலேயே உடுப்பை மாற்றி, வீட்டுக்கு வந்ததும் குளித்த பின்னரே பிள்ளையைத் தூக்க வேண்டும் என்றோம். அவர் வண்ணம் பூசிய பீங்கான் பொம்மை ஒன்றை முதல் பிள்ளைக்கென்று ஆசையாய் எடுத்து வைத்திருந்தார். வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், பிள்ளை வாயில் வைக்கும், உடைந்தால் கையைக் கிழிக்கும் என்று சொல்லி, அதை உயரமான மாடத்தில் வைக்கச் செய்தோம். அவர் முகம் சற்று வாடியது உண்மை.

கடைசியாக மூன்று பேரும் அமர்ந்து புதுச் சீட்டு எழுதினார்கள். சோப்பு, நகவெட்டி, குடைபோல் விரியும் கொசுவலை, சட்டைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தனிப் பை. பையிலேயே பரிசோதனை அட்டையும், நள்ளிரவில் 108 வண்டி வரத் தாமதமானால் வேறு வண்டி பிடிக்கக் கொஞ்சம் பணமும். பெண்ணுக்கு இரண்டு முன்திறப்பு இரவுடைகள். முட்டை, கீரை, பயறு வாங்க வாரம் ஒரு தொகை. பிரசவத்துக்குப் பின் நாற்பது நாள் அவள் தண்ணீர்க்குடம் தூக்காதிருக்க, அத்தை ஒருத்தி வந்து தங்குவதாக ஏற்பாடு. சம்பந்தி அம்மாளிடம் பேசும் பொறுப்பை மருமகனே ஏற்றார். எளிதில் முடியவில்லை, இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லையென்று கேள்விப்பட்டோம்.

சித்திரை இறுதியில் பெண்குழந்தை, சுகப்பிரசவம். திருமுழுக்கன்று மூதாட்டி கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, எவர் தூக்க வந்தாலும் கை கழுவினாயா என்று அதட்டிக்கொண்டிருந்தார். பசு கொட்டிலில் நிற்கிறது. காலையில் அரைப்படிப் பால் தாய்க்குப் போக மீதியைப் பெரியவர் பண்ணையில் ஊற்றுகிறார். சம்பந்தி அம்மாள் முந்திக்கொண்டு வாங்கிய பால்மாவு டப்பா ஒன்று மட்டும் அவர்கள் வீட்டுப் பரணில் திறக்கப்படாமல் இருக்கிறதாம்.