ஒட்டுத் தெரிந்த காலம்

1982 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தன் வீட்டைத் துண்டு துண்டாகப் படமெடுக்கத் தொடங்கியபோது ஓவியர் டேவிட் ஹாக்னியின் கையில் இருந்தது போலராய்டு கேமரா. படம் அப்போதே வெளியே வந்துவிடும். வண்ணம் தெளியக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகரலாம். போலராய்டின் வெள்ளை விளிம்பை வெட்டி எறிய வழியில்லை. அதனால் படங்கள் கட்டங்களாக வரிசையில் நின்றன. கம்பி போட்ட சன்னல் வழியே பார்ப்பதுபோல் இருக்கும்.

அதே ஆண்டில் சாதாரண ஃபிலிமுக்கு மாறினார். கடையில் கழுவி வந்த பிரிண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. 1983 புத்தாண்டு நாளில் எடுத்த ஸ்கிராபிள் ஆட்டப் படத்தில் அவருடைய அம்மாவின் முகம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டம் நடந்த நேரம் முழுக்க அந்த ஒரே தாளில் இருக்கிறது.

பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும் இந்த முறையின் உச்சம் 'பேர்பிளாசம் ஹைவே'. கலிபோர்னியப் பாலைவனத்துச் சாலைச் சந்திப்பு; 1986 ஏப்ரல் 11 முதல் 18 வரை என்று தலைப்பே தேதி சொல்கிறது. 700-க்கும் மேற்பட்ட பிரிண்டுகள். தள்ளி நின்றால் ஒரே இடத்திலிருந்து எடுத்த காட்சி. கிட்டே போனால் கதை வேறு: 'ஸ்டாப்' பலகை, ஏணி வைத்து ஏறி நேருக்கு நேர் எடுத்தது, சாலையோரத்துக் காலி டப்பாக்கள், பக்கத்தில் போய்க் குனிந்து எடுத்தவை. வானத்தில் ஒரு நீலம் அடுத்த நீலத்தோடு சேரவில்லை. எனக்கு அந்தச் சேராத வானம்தான் பிடிக்கும். மனிதர் எத்தனை முறை அண்ணாந்து பார்த்தார் என்பதை எண்ணிவிடலாம்.

இன்று ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது செல்போன் பனோரமாவுக்கே கைவந்த வேலை. குறுக்கே ஒரு நாய் ஓடி, உடல் பாதியில் அறுந்து விழுந்தால் படம் கெட்டது என்று அழித்துவிடுகிறோம். அந்த நாயை ஹாக்னி நான்கைந்து இடத்தில் ஒட்டியிருப்பார்.

ஆனால் அவரும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2017 டிசம்பரில் தன் ஸ்டுடியோவைச் சுமார் 3,000 டிஜிட்டல் படங்களாக எடுத்தார். கணினி அவற்றை ஒரே வெளியாகப் பின்னியது. ஏழு தாள்களில் அச்சான அது ஏழரை மீட்டர் அகலம். பார்வைக் கோணங்கள் பல என்ற பழைய பிடிவாதம் அப்படியே இருக்கிறது. எந்தக் கோணம் எங்கே முடிகிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. நடுவே ஹாக்னி நிற்கிறார், சுற்றிலும் அவருடைய ஓவியங்கள். அப்போது அவருக்கு வயது 80. ஏணியும் கத்தரியும் பசையும் இல்லாமல் இவ்வளவு பெரிய படத்தைச் சேர்க்க முடிந்தது அந்த வயதில் சின்ன லாபமல்ல.