பழைய செங்கல்: காரையும் சிமெண்டும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய வீடு இடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால், எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பது விளங்கிவிடும். தேக்கு நிலை, கதவு, உத்தரம் முதலில் போகும். அப்புறம் இரும்பு. செங்கல் கடைசி. அதிலும் எல்லாக் கல்லும் போகாது. சுண்ணாம்புக் காரையில் கட்டின சுவர் என்றால், கடப்பாரையால் நெம்பினதும் கல் கல்லாகப் பிரிந்து வரும். ஒட்டியிருக்கிற காரையைச் சின்னச் சுத்தியலால் தட்டி அடுக்கிவிடலாம். பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை இது. சிமெண்டுச் சுவர் அப்படிப் பிரியாது. கல்லைவிடக் கலவை கெட்டியாக இருப்பதால் உடைவது கல்தான். மிஞ்சுவது ரப்பீஸ், பள்ளம் தூர்க்க லாரியில் போகும்.

ஆக, மறுபயன்பாடு அருகிப்போனதில் செங்கல்லைவிட அதை ஒட்டவைக்கிற பசைக்கே பங்கு அதிகம். ராஜபாளையத்து பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸின் முதல் ஆலை விருதுநகர் பக்கம்தான் வந்தது. ஆலையைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெள்ள மெள்ள இறுகும்; அவ்வளவு பொறுமை அந்தக் காலகட்டத்திடம் இல்லை. கட்டும்போதே பிரிக்கும் சாத்தியத்தை அழித்துவிடுகிற ஒரு தொழில்நுட்பம் நம் கண்ணெதிரே இயல்பாகிப்போனது என்பதே என் கவலை.

பழையதைப் பிரித்தெடுப்பது எப்போதும் நல்ல காரியம் என்றும் சொல்லமாட்டேன். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையைப் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். 1836-ல் கீழணைக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கல்லைக் கம்பெனி ஆட்சி எடுத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதோடு சரி. 1850களில் ஹரப்பாவின் செங்கல் லாகூர் - முல்தான் ரயில் பாதைக்குச் சரளையானது. சுமார் 100 மைலுக்கு அது போதுமானதாக இருந்ததென்று கன்னிங்காம் எழுதினார். எடுத்தவர் அதிகாரத்தில் இருந்தார். சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை.

இன்னொரு தடை நம் மண்டைக்குள் இருக்கிறது. "புது வீட்டுக்குப் பழைய கல் ஆகாது" என்பார்கள். அதனால் அது தொழுவத்துக்கும் கக்கூசுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் போகும். மரத்துக்கு மட்டும் இந்தத் தீட்டு கிடையாது. செட்டிநாட்டுத் தேக்குத் தூண் காரைக்குடிக் கடைகளில் விலையேறிப் பங்களாக்களுக்குப் போகிறது. ஒரே வீட்டின் உடம்பில் ஒன்று பாரம்பரியம், இன்னொன்று குப்பை! இந்தப் பிரிவினை நமக்குத் தெரியாததா என்ன? (லாரி பேக்கர் பழைய கதவையும் பழைய கல்லையும் ஒரே மரியாதையோடு எடுத்து வைத்துக் கட்டினார்.)

சட்டமும் பெரிதாக உதவவில்லை. ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ அதற்கு மேலோ இடிபாடு உண்டாக்குகிறவர் முன்கூட்டியே திட்டம் தந்து அனுமதி வாங்கவேண்டும் என்றது 2016-ல் வந்த மத்திய அரசு விதி. நம்மூர் ஓட்டு வீடு அந்தக் கணக்கில் எங்கே வரும்? அதே நேரம் காளவாசலுக்கு மேல்மண்ணும் விறகும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

வாங்குகிறவர்கள் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கிண்ணென்று கேட்கணும். உப்புப் பூத்தது வேண்டாம். கட்டுமுன் நன்றாக ஊறவையுங்கள். கலவையில் கொஞ்சமாவது சுண்ணாம்பு சேர்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் முணுமுணுப்பார், அவருக்குக் கூடுதல் நாள் கூலி பேசிக்கொள்ளுங்கள்.